ஹேண்ட்லிங் சார்ஜ்

அந்தத் தாள்ல உடனே கையெழுத்துப் போட்றாதீங்க தம்பி. மொதல்ல கடைசிப் பக்கத்தத் திருப்பிப் பாருங்க. இல்லீங்க, நான் இங்க வேலை செய்யறவன் இல்ல. வண்டிய சர்வீசுக்கு உட்டிருக்கேன். அந்தப் பக்கத்து ஹால்ல டிவி சத்தம் தாங்கல, அதான் இங்க வந்து உக்காந்தேன். நீங்க பேனாவத் தொறந்ததப் பாத்ததும் மனசு கேக்கலீங்க.

பாத்தீங்களா, ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு வரி இருக்குதா? இருக்கும். இன்னொருத்தருக்கு லாஜிஸ்டிக்ஸ்னு போடுவாங்க. வேற ஒருத்தருக்கு டாக்குமென்ட் சார்ஜ்னு போடுவாங்க. எல்லாம் ஒரே ஆளுதான், சட்டைய மாத்திட்டு மாத்திட்டு வருவான். வண்டிய அவங்க கம்பெனியிலிருந்து கொண்டாந்து நிறுத்துனதுக்கும், துடைச்சு வெச்சதுக்கும், பேப்பர் எழுதுனதுக்கும் நாம தனியாக் காசு குடுக்கோணுமாம். நீங்க கடைல அரிசி வாங்கறீங்க. லாரியிலருந்து மூட்டை எறக்குன கூலிய உங்ககிட்டயா கேக்கறாங்க?

என் பேரு நாச்சிமுத்துங்க. கூட்டுறவுத் தணிக்கைல இருந்து ரிட்டையர் ஆனவன். சொசைட்டி சொசைட்டியாப் போயி கணக்குப் பாத்தவன். டீ குடிச்ச காசுக்குக் கூட ரசீது இல்லைன்னா எழுதிடுவேன். இது எந்த விதியில வருதுன்னு ஒரு கேள்வி கேப்பேன், எதுத்தாப்ல இருக்கறவருக்கு வேர்த்துரும். எனக்கு வெளிய என்ன பட்டப்பேருன்னு எனக்கே தெரியுமுங்க. அத இப்பச் சொல்ல மாட்டேன்.

அந்த நீலக் கார்கிட்ட கொழந்தையோட நிக்கறது உங்க சம்சாரமுங்களா? நல்லது, நல்லது. நிக்கட்டும். பில்லு போட எப்படியும் நேரமாகும். உங்களுக்கு உபயோகமா இருக்கும்னுதான் சொல்றேன், இதே ஷோரூம்லதான் நான் ஜெயிச்சேன். அந்தக் காசு ஒத்தப் பைசா குடுக்காம வண்டி எடுத்தவன் நான். ஊருக்குள்ள வேற யாராவது அப்படி எடுத்திருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க.

கார் வேணும்னு எனக்கு ஆசை கிடையாதுங்க. என் சம்சாரம் சாந்தாமணிதான் கேட்டா. கல்யாணமாயி வந்ததிலிருந்து அவ எங்கிட்ட இது வேணும்னு கேட்டவ இல்ல. நான் வாங்கியாந்ததக் கட்டுவா, வாங்கியாந்தத ஆக்குவா. அவ கேட்டது இந்த ஒண்ணுதான். அதுவும் அவளுக்காகக் கேக்கல, அவ அக்காவுக்காகக் கேட்டா.

அக்கா பேரு ராசாமணி. சாந்தாமணிக்கு வெவரம் தெரியறதுக்குள்ள அவங்கம்மா போயிட்டாங்க. அக்காதான் வளத்துனது. தங்கச்சி தலைக்கு மேல வளர்ற வரைக்கும் கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்டு, அதுக்கப்புறந்தான் கட்டிக்கிட்டாங்க. தாராபுரத்துக்கு அந்தாண்ட தோட்டத்துல வீடு. நாங்க இந்த வீடு கட்டிக் குடி போனப்ப அவங்க வீட்டுக்காரர் எறந்து வருசம் திரும்பலைன்னு வரல. அப்புறம் மாடு கன்னுன்னு வரல. தங்கச்சி வீட்டு வாசப்படிய அந்தம்மா மிதிச்சதே இல்லீங்க. சாந்தாமணிக்கு அது பெரிய கொறை.

அப்புறம் அக்காவுக்கு ஈரல்ல நோவுன்னு வந்துருச்சு. கோயமுத்தூர்ல பாத்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி புடிச்சதச் செஞ்சு குடுங்கன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு ராத்திரி சோறு போட்டுக்கிட்டே சாந்தாமணி சொல்றா, ஒரு கார் வாங்குங்க, அக்காவ ஒரு பத்து நாளு நம்மூட்ல கொண்டாந்து வெச்சுப் பாத்துக்கறேன்னு. பஸ்ல அக்காவால உக்கார முடியாது. நான் யோசிச்சேன். பென்சன் பணம் பேங்க்ல சும்மாதான் கெடக்குது. சரின்னுட்டேன். நான் கெட்டவனில்லீங்க. சரின்னுதான் சொன்னேன்.

வைகாசியில புக் பண்ணுனோம். அக்காவுக்குப் போன் பண்ணி இவ சொல்லிட்டா. அந்தம்மா தோட்டத்துக்குப் பால் எடுக்க வர்றவங்ககிட்டயெல்லாம், எந்தங்கச்சி புதுக் கார்ல வந்து என்னயக் கூட்டிட்டுப் போகப் போறான்னு சொல்லிட்டிருந்தாங்களாம். நடுவால இவ ஒரு தடவ, வாடகைக் கார் வெச்சாவது கூட்டியாந்துரலாமுங்களான்னா. சொந்த வண்டி இந்தா வருது அந்தா வருதுன்னு இருக்கறப்ப வாடகைக்கு எதுக்குடி தண்டம்னேன். நீங்களே சொல்லுங்க, நாஞ் சொன்னது தப்பா?

ஆனி கடைசி முகூர்த்தத்துல வண்டி எடுக்கறதா இருந்துச்சு. முந்தின நாளு வந்து பில்லு என்னன்னு பாத்தேன். ஆறாயிரத்துச் சொச்சம் ஹேண்ட்லிங்னு போட்டிருக்குது. புக் பண்ணும்போது குடுத்த தாள்ல அது இல்ல. கீர்த்தனான்னு ஒரு பொண்ணு, சேல்ஸ்ல இருந்துச்சு. எல்லாருக்கும் போடறதுதானுங்க சார்னு சொல்லுச்சு. எல்லாருக்கும் போட்டா சட்டமாயிருமா? மேனேஜரக் கூப்புட்டேன். அவரு பழச்சாறு கொண்டாரச் சொன்னாரு. நான் தொடல. எந்த விதியில இது வருது, எழுத்துல குடுங்கன்னேன். அவரு சிரிச்சாரு. சிரிச்ச உடனே எனக்குப் பொசுக்குனு ஏறிருச்சு. வண்டி வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

வேண்டாம்னா வேண்டாம்னு இல்லீங்க. அது ஒரு பேச்சு. மறுவாரம் ஆடி பொறக்குதுன்னு எனக்குத் தெரியும். ஆடியில நம்ம பக்கம் புது வண்டி எவன் எடுக்கறான்? ஷோரூம்ல ஈ ஓட்டிட்டு உக்காந்திருப்பாங்க. தானா எறங்கி வருவாங்கன்னு கணக்குப் போட்டேன். போட்ட கணக்கு தப்பலீங்க. ஆடி பாதி போகறதுக்குள்ள மேனேஜரே போன் பண்ணிட்டாரு. சார், உங்களுக்காக அந்தச் சார்ஜ எடுத்துட்டோம், ஆடிப்பெருக்கு அன்னிக்கு நல்ல நாளு, வந்து வண்டிய எடுத்துக்கங்கன்னு.

சாந்தாமணி முகத்த நீங்க பாத்திருக்கோணும். அன்னிக்கு விடியறதுக்குள்ள எந்திரிச்சு தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டா. கல்யாணப் பட்டு ஒண்ணு வெச்சிருந்தா, அதத்தான் கட்டுனா. அக்காவுக்குன்னு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி தூக்குப்போசில எடுத்துக்கிட்டா. இங்கிருந்து நேரா தாராபுரம் போயி, அக்காவக் கூட்டிக்கிட்டு, பொழுது உழுகறதுக்குள்ள வீடு வந்து சேந்தரணும்னு திட்டம். ஆத்துக்குப் போற கூட்டம் ரோடெல்லாம். பஸ்ல நின்னுட்டே வந்தோம். அவளுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுங்க, ஆனா அன்னிக்கு வலிக்குதுன்னே சொல்லல.

இதோ, இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தாங்க. மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. அட்டையில பெருசா ஒரு சாவி செஞ்சு எங்க கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க. சாந்தாமணி முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டா. மடியில தூக்குப்போசி. உக்காந்த உடனே அக்காவுக்குப் போன் போட்டா. கார்ல உக்காந்துட்டேனுங்கக்கா, பொறப்பட்டாச்சுங்கக்கான்னு சொல்றா. கொரல் அப்படியே சின்னப் புள்ளை கொரல் மாதிரி இருந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க.

அப்பத்தான் கீர்த்தனா கடைசி பில்லக் கொண்டாந்து நீட்டுச்சு. மீதிப் பணத்துக்கு கார்டத் தேய்க்கோணும். நான் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். படிச்சேன். ஹேண்ட்லிங் இல்ல. சந்தோசம். அதுக்குக் கீழ, டாக்குமென்டேஷன்னு ஒரு வரி. காசு பாத்தா அதே ஆறாயிரத்துச் சொச்சம். எப்படிங்க இருக்கும் எனக்கு? என்னைய அவங்க என்னன்னு நெனச்சாங்க? வயசானவன், நல்ல நாளு, பொண்டாட்டி வண்டியில ஏறிட்டா, இனி எங்க போவான்னுதானே நெனச்சாங்க?

மேனேஜர் இல்ல. குடும்பத்தோட ஆத்துல தலை முழுகக் கூடுதுறைக்குப் போயிட்டாராம். போனும் எடுக்கல. அந்தப் பொண்ணு கெஞ்சுது. இன்னிக்குக் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க சார், நாளைக்கு சார்கிட்டச் சொல்லித் திருப்பி வாங்கித் தர்றேன்னு. கட்டுன காசத் திருப்பி வாங்குன கதையெல்லாம் நான் எத்தன சொசைட்டியில பாத்திருப்பேன்? முடியாதுன்னேன்.

சாந்தாமணி கண்ணாடிய எறக்கி என்னயக் கூப்புட்டா. பக்கத்துல போனேன். ரொம்ப மெதுவாச் சொன்னா. "எங்கிட்ட இருக்குதுங்க. சொசைட்டிக்குப் பால் ஊத்துன காசு. நாங் குடுத்தர்றேன். அக்கா காத்துட்டு இருக்கும்."

காசு இல்லாமயா நான் நிக்கறேன்? அதக்கூடப் புரிஞ்சுக்கலியேன்னு எனக்குச் சங்கடமாப் போச்சு. இது காசு இல்லடி, நாயம்னேன். எறங்குன்னேன்.

அவ எறங்கல உடனே. ரெண்டு கையாலயும் தூக்குப்போசியப் புடிச்சுட்டு முன்னால பாத்துட்டே உக்காந்திருந்தா. சுத்தியும் வேற வண்டி எடுக்க வந்தவங்க குடும்பம் குடும்பமா நின்னு பாக்கறாங்க. எனக்கு மானம் போவுது. நான் கதவத் தொறந்து, எறங்கு சாந்தான்னு மறுக்காச் சொன்னேன். எறங்குனா. பட்டுச் சேலை கதவுல மாட்டிக்கிச்சு, அந்தப் பொண்ணுதான் எடுத்து உட்டுச்சு.

மறுபடி அதே பஸ். வீட்டுக்கு வந்து சொல்றா, நாளைக்கு மேனேஜர் வந்துருவாரில்லீங்க, பேசி நாளைக்கே எடுத்துக்கலாமுங்க, ஆடியாவது ஒண்ணாவதுன்னு. யாரு சொல்றா? ஆடி மாசம் ஒரு வெளக்குமாறு கூட வாங்க மாட்டா, அவ சொல்றா. எனக்கு விட்டுக் குடுக்க மனசில்ல. ஆடி முடியற வரைக்கும் வண்டி அவங்க இடத்துலயே நிக்கட்டும், நட்டம் அவங்களுக்குத்தானே. அதச் சொன்னா இவளுக்குப் புரியாது. அதனால இவளுக்குப் புரியற மாதிரி சொன்னேன். ஆடியில எடுத்து, அதுல உங்கக்காவ ஏத்துனா உங்கக்காவுக்குத்தான் ஆகாது, யோசிச்சுக்கன்னேன். அவ எந்திரிச்சு பட்டுச் சேலைய மடிச்சு வெக்கப் போயிட்டா. எப்பவுமே எடுத்துச் சொன்னாக் கேட்டுக்கறவதான்.

ஆடி முடியலீங்க. ஒரு நாள் காலைல போன் வந்துருச்சு.

அன்னிக்கு வாடகைக் கார் வெச்சுத்தான் போனோம். நான் ரேட்டுப் பேசல. அவன் கேட்டதக் குடுத்தேன். போகற வழியெல்லாம் இவ அழுகவே இல்ல. வெளியவே பாத்துட்டு வந்தா. அங்க போனதுக்கப்புறம் அக்காவோட மருமக கட்டிப் புடிச்சுட்டு அழுகறப்பச் சொல்லுது. ஆடிப்பெருக்கு அன்னிக்கு அத்தை தானா எந்திரிச்சுக் குளிச்சு, புதுச் சேலை கட்டி, வாசல்ல சேர் போடச் சொல்லி ரோட்டப் பாத்துட்டே உக்காந்திருந்துச்சு, பொழுது உழுந்தும் உள்ள வர மாட்டேன்னுருச்சுன்னு. அதையெல்லாம் அந்த நேரத்துலயா சொல்றது? அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் வெவரம் பத்தாது.

எனக்குக் கஷ்டமில்லைன்னு நெனைக்காதீங்க தம்பி. ராசாமணி அக்கா எங்க கல்யாணத்துல எனக்கு இலை போட்டவங்க. தங்கச்சியக் கண் கலங்காமப் பாத்துக்கங்கன்னு ஒரே ஒரு தடவ சொன்னாங்க. அவங்க எறந்த அன்னிக்கு மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போயி நின்னு அழுதேன், யாருக்கும் தெரியாது. இந்தப் பாவமெல்லாம் யாருக்கு? பில்லுல பேரு மாத்திப் போட்டான் பாருங்க, அவனுக்கு. அவன் அன்னிக்கு நேர்மையா இருந்திருந்தா பொழுதோட நாங்க போயிச் சேந்திருப்போம்.

ஆனா நான் உடலீங்க. கருமாதி முடிஞ்சு, ஆவணி பொறந்து, ஒரு முகூர்த்தம் தள்ளி வந்தேன். மேனேஜர் முன்னால உக்காந்தேன். ரெண்டு வரியையும் அடிச்சுட்டுப் புது பில்லு போட வெச்சேன். அதுல எந்தப் பேர்லயும் எதுவும் இல்ல. வீட்டுல பீரோவுல வெச்சிருக்கேன், வேணும்னா போன்ல போட்டோ இருக்குது, பாக்கறீங்களா? சரி, வேண்டாம்.

அன்னிக்கு அவ வரல. முட்டி வலின்னா. நானே ஓட்டிட்டுப் போயி வீட்டு முன்னால நிறுத்தி ஆரன் அடிச்சேன். வந்தா. ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வந்து சுத்துனா. முன்னால குங்குமம் வெச்சா. ஒண்ணும் கொறை வெக்கல. வா, ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்னேன். அடுப்புல பால் இருக்குதுன்னு உள்ள போயிட்டா.

அதுக்கப்புறம் எப்பக் கூப்புட்டாலும் ஒண்ணு சொல்லுவா. ஏசி வாசம் ஒத்துக்கல, கொமட்டுதும்பா. ஓடற வண்டியில ஏறிப் பாக்காமயே எப்படிக் கொமட்டும்? சரின்னு வாசத்துக்குத் தொங்கவிட்ட டப்பாவக் கழட்டிட்டேன். ஏசியே போட மாட்டேன்னேன். கண்ணாடிய எறக்கி உட்டுட்டுப் போலாம்னேன். சந்தைக்குப் போனாலும் சரி, கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, டவுன் பஸ்தான். ஒரு தடவ ஏறி எறங்குன வண்டியில மறுக்கா ஏறக் கூடாதுன்னு எதாவது சாஸ்திரம் வெச்சிருப்பா போல. பொம்பளைங்க வெச்சிருக்கற சாஸ்திரம் நமக்கெங்கீங்க தெரியுது? சண்டையெல்லாம் இல்ல. சோறு போடறா, துணி துவைக்கறா, காய்ச்சல்னா கசாயம் வெச்சுக் குடுக்கறா. எல்லாம் அப்படியேதான் இருக்குது. இங்க சர்வீஸ்ல அந்தத் தம்பி, ஏஞ் சார் வருசமாயும் வண்டி ஓடவே இல்லைன்னு கேக்கறான். அவங்கிட்ட என்னத்தச் சொல்றது?

போன வாரம் அக்காவுக்கு வருசத் திதி. கார்ல போலாம் வான்னேன். இல்லீங்க, நான் பஸ்ல போயிக்கறேன், நீங்க வெயில்ல அலைய வேண்டாம்னா. விடியக்காலம் கெளம்பிட்டா. காங்கயத்துல ஒரு பஸ்ஸு மாறோணும், தாராபுரத்துல ஒண்ணு மாறோணும். அந்த முட்டிய வெச்சுக்கிட்டு. எனக்கு மனசு கேக்கல. நான் வண்டிய எடுத்துக்கிட்டு அந்த பஸ்ஸு பின்னாலயே போனேன். சிரிக்காதீங்க. பஸ்ஸு நின்னா நான் நிப்பேன், பஸ்ஸு போனா நான் போவேன். பஸ்ஸோட பின்னாடிக் கண்ணாடி வழியா அவ கொண்டை மட்டும் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவ கூட அவ திரும்பிப் பாக்கல. நான் வர்றது அவளுக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும்.

காங்கயத்துல எறங்குனா. படியப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு காலா வெச்சு எறங்குனா. எறங்கி இடுப்பப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. எனக்குத் தாங்கலீங்க. வண்டிய அவ பக்கத்துல கொண்டுபோயி நிறுத்துனேன். உள்ளிருந்தே சாஞ்சு எட்டி முன் கதவத் தொறந்து உட்டேன். கதவு மட்டும் தொறந்து இருந்துச்சு.

அவ பாத்தா. வந்தா. ஒவ்வொரு அடியா வண்டிகிட்ட வந்தா தம்பி. நான் முன்சீட்டத் துண்டால ஒரு தட்டுத் தட்டி உட்டேன். கதவு மேல கைய வெச்சா. பின்னால தாராபுரம் பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டு வந்துச்சு.

"பஸ்ஸு வருதுங்க. கதவுல இடிச்சிரும்." அப்படின்னா. மெதுவாக் கதவச் சாத்துனா. நல்லா மாட்டியிருக்குதான்னு ஒரு தடவ அமுக்கிப் பாத்தா. அப்புறம் அந்த பஸ்ஸுல போயி ஏறிட்டா.

கோவம் இருந்தா அறைஞ்சு சாத்தியிருப்பா இல்லீங்களா? அறையல. வண்டிக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான் சாத்துனா. நான் வாங்குன வண்டி பாருங்க, அது நல்லா இருக்கோணும்னு அவளுக்கு நெனப்பு இருக்குது. நான் அதுக்கப்புறம் பஸ்ஸு பின்னால போகல. ரோட்டோரத்துலயே உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. ஒரு ட்ராபிக் போலீஸ் வந்து கண்ணாடியத் தட்டி, யாருக்காக நிக்கறீங்க பெரியவரேன்னு கேட்டாரு. சம்சாரம் வருவாங்கன்னு சொன்னேன்.